அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா

சென்னையை அடுத்த வண்டலூரில் உள்ள உயிரியல் பூங்கா. இந்தியாவின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களுள் ஒன்றான இது, தமிழ்நாடு வனத்துறையின் பொறுப்பில் இயங்குகிறது.

வரலாறு: 1855இல் எட்வர்ட் பால்ஃபர், சென்னை அருங்காட்சியக வளாகத்தில் விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். பின்னர் பூங்கா நகருக்கு மாறிய அது, இடநெருக்கடியால் வண்டலூர் காப்புக்காட்டுக்குப் பெயர்ந்து 1985இல் திறக்கப்பட்டது.

அன்றாடப் பராமரிப்பு: பராமரிப்பாளரின் நாள் காலைச் சுற்றுடன் தொடங்கும். முந்தைய இரவு வைத்த தீனியில் மிச்சம் எவ்வளவு, சாணம் இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா, நடையில் தளர்ச்சி உண்டா என்று பார்த்து, மாற்றம் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்வார். நோயை விலங்கு கூடியவரை மறைக்கும். எனவே தினமும் பார்க்கும் கண்ணே முதல் மருந்து. அடைப்பைக் கழுவுதல், குடிநீர் மாற்றுதல், தீனியை நிறுத்துக் கொடுத்தல் ஆகியவை அடுத்த வேலைகள். கோடையில் யானைகளுக்கு நீர் தெளித்துக் குளிர்விப்பர்.

பாதுகாப்புப் பணி: மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) போன்ற அருகிவரும் இனங்கள் இங்கு இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. மீட்கப்பட்ட விலங்குகளுக்குத் தனி மறுவாழ்வு மையம் உண்டு. வளாகத்திலுள்ள ஓட்டேரி ஏரி நீர்ப்பறவைகளின் புகலிடம்.

2021 ஜூனில் கொரோனா தொற்றால் பூங்கா இரு சிங்கங்களை இழந்தது. மனித நோய் விலங்கையும் தாக்கும் என்பதால், பார்வையாளர் தடுப்பைத் தாண்டாமலும் தின்பண்டம் வீசாமலும் இருப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.