மஞ்சள் பைக்குள் ஒரு மெழுகுக் கட்டி

அரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு மலத்தோடு ரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 'மூலச் சூடு' என்று மோரும் நாட்டு மருந்துமாக மாதங்கள் கழியும். பிறகுதான் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவார். பெருங்குடலில் கட்டி என்று தெரிந்து, அறுவை முடிந்து, வெட்டியெடுத்த துண்டு ஃபார்மலின் டப்பாவுக்குள் இறங்கும்.

ஃபார்மலினில் ஊறி, ஆல்கஹாலில் ஈரம் வற்றி, சைலீனில் தோய்ந்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் அமிழ்ந்து அது உறைகிறது. வீட்டார் வாயில் அதற்குப் பெயர் 'பிளாக்கு'. அதை மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவிச் சாயமேற்றினால் உட்கரு நீலம், மற்றவை இளஞ்சிவப்பு. கூடவே எடுத்த நிணநீர்க் கணுக்களில் குறைந்தது 12ஐயாவது பார்த்தால்தான் நோயின் நிலையைத் துணிந்து சொல்லலாம்.

"பிளாக்கும் ஸ்லைடும் வாங்கிட்டுப் போங்க" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மகனின் மஞ்சள் பையில் அது தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலத்துக்கோ, கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்கோ போகும். அடையாறில் 1954 முதல் இயங்கும் புற்றுநோய் மருத்துவமனைக்கு இப்படி வந்து சேர்ந்த பைகள் எத்தனை!

அந்த மெழுகுக்குள் செல்கள் மட்டும் இல்லை. அவை பிரிந்துகொண்டிருந்த வேகமும் உறைந்து கிடக்கிறது. பிரியும் செல்லில் மட்டும் தென்படும் கி-67 புரதத்தை ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வாளர்கள் 1983இல் அறிவித்தார்கள். ஊரின் பெயரே அதன் முன்பாதி.

வேகமாக வளரும் களைதான் பொல்லாதது என்று நம் விவசாயி சொல்வார். மார்பகப் புற்றில் பெரும்பாலும் அது சரி. பெருங்குடலில் அப்படியில்லை. அமெரிக்காவில் சேமித்து வைத்திருந்த, 1,851 நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 761 மரபணுக்களை அலசிய ஆய்வு 2010இல் வெளியானது. தேறிய மரபணுக்களில் கி-67, சி-மிக், எம்ஒய்பிஎல்2 ஆகிய மூன்றும் செல் சுழற்சியைச் சேர்ந்தவை. அவை ஓங்கி ஒலித்தவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு! கட்டியைச் சுற்றிய நார்த்திசுவின் மரபணுக்கள் ஓங்கியவர்களுக்கோ நோய் அதிகம் திரும்பியது. பிரிட்டனின் குவாசர் ஆய்வில், இரண்டாம் நிலை நோயாளிகள் 1,436 பேரின் திசுக்களில் சோதித்தபோது, இவற்றைக் கொண்டு அமைத்த மதிப்பெண் நோய் திரும்பும் அபாயத்தைப் பிரித்துக் காட்டியது. ஆனால் கீமோ யாருக்குப் பலன் தரும் என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. அதனால் சிகிச்சையை முடிவு செய்வதில் நோயின் நிலைக்கே இன்னும் முதலிடம். பிரியும் வேகத்தைவிட, பக்கத்துத் திசுவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் குணமே பெருங்குடலில் பெரிய ஆபத்து என்று எனக்குப் படுகிறது.

இத்தனையும் பழைய பிளாக்குகளை யாரோ பத்திரப்படுத்தியதால் தெரிய வந்தது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். 60 டிகிரிக்குள்ளேயே அந்த மெழுகு உருகிவிடும். சித்திரை வெயிலில் பேருந்து இன்ஜின் மேல் பையை வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.