செவ்வாய்க்கிழமை கிடைக்கும் ஞாயிறு



அறுவடை முடிந்து கண்மாய் வற்றும்போது மேலூர்ப் பக்கத்தில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் துணி வீசியதும் கச்சா, ஊத்தா, கூடையோடு ஊரே தண்ணீரில் இறங்கும். வயலில் வேலையில்லாத நாள் அது. எல்லாருக்கும் ஒரே நாள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். வேலையில்லாத நாள் பல வீடுகளில் அடுப்பு எரியாத நாளாகவும் இருந்தது. 1895இல் பெரியாற்று அணை திறந்த பிறகுதான் இந்த வயல்களுக்கு ஓரளவு உறுதியான தண்ணீர் கிடைத்தது.

ஆலைகள் வந்தபோது ஓய்வைச் சட்டம் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளுக்கு மட்டுமே வேலைநேர வரம்பு வைத்தது. 1890இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் ஞாயிறு விடுமுறைக்காகப் போராடி வென்றார்கள். 1891ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறையைத் தந்தது. ஆனால் பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றது. அதே 1891 மே 15 அன்று திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' திருமடலை வெளியிட்டார். தொழிலாளியின் ஓய்வு முதலாளி தரும் சலுகை அல்ல, அதை விற்கவோ வாங்கவோ முடியாது என்பது அதன் நிலைப்பாடு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாரம் 48 மணி நேரம் என்றாயிற்று.

பிறகு என்ன நடந்தது? வீட்டுக்குள் மிக்சி, வாஷிங் மெஷின், பைக் எல்லாம் வந்தன. நேரத்தை மிச்சப்படுத்தத்தான் வாங்கினோம். மாதத் தவணை கட்ட ஓவர்டைம் பார்க்கிறோம். லூக்கா நற்செய்தியில் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனும் ஓய்வெடுக்கத்தான் ஆசைப்பட்டான்.

தமிழ்நாட்டில் 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அரசு அனுமதித்தது. 2021இல் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. யோசித்துப் பாருங்கள், உட்காருவதற்கு ஒரு சட்டம்! 2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

கடைப் பணியாளருக்கும் வார விடுப்பு உண்டுதான், ஆனால் ஆள் மாற்றி ஆள். கணக்கில் குறையில்லை, ஊரோடு சேர்ந்த நாள்தான் இல்லை. விடுதலைப்பயண நூலின் ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரரும் மாடும் அந்நியரும் வீட்டாரோடு ஒரே நாளில் ஓய்கிறார்கள்.

எங்கள் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்ற பெண் ஒருத்தி இப்போது மதுரையில் ஒரு துணிக்கடைக்குப் போகிறாள். அவளுக்குச் செவ்வாய் விடுப்பு. அப்பாவுக்கு ஞாயிறு. தம்பிக்குப் பள்ளி இல்லாத நாளும் ஞாயிறுதான். போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு நாங்கள் சிலர் திருப்பலி முடிந்த கையோடு மாட்டுத்தாவணி பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனோம். துணியை எடுத்துப் போட்டவள் அவள்தான். "பூசை முடிஞ்சிருச்சா சாமி?" என்று கேட்டாள்.