நடுங்கும் கையும் நடுவே அற்ற தொடர்பும்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்வோர் மேற்கே திரும்பிப் பார்த்தால், மலைத்தொடர் தம்முடன் கூடவே வருவதுபோல் தோன்றும். அம்மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பு முதலிய இடங்களில், பளியர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலைவாழ் மக்கள் பூனைக்காலிக் கொடியின் விதையை உண்பதுண்டு. எனினும் அப்படியே உண்ணமாட்டார்கள். பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை இறுத்துக் கொட்டிவிட்டே உண்பர். கொட்டப்படும் அந்நீரோடு போகும் பொருள்களுள் ஒன்று, நடுக்குவாதத்தால் முடங்கியவரை எழுந்து நடக்கவைக்கும் மருந்து என்பதை உலகம் அறிந்துகொண்டது அண்மைக் காலத்தில்தான்.

இந்நோயை நாம் முதலில் கண்டது நூலில் அன்று. நமக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் அவர்களிடத்தில் கண்டோம். அவர்களுடைய எழுத்து முத்துமுத்தாக இருக்கும். பின்னாளில் வரி தொடங்கும்போது ஒழுங்காக இருந்த எழுத்து, வரி முடிவதற்குள் சிறுத்துச் சிறுத்து எறும்பு ஊர்ந்ததுபோலாயிற்று. ‘ஸீன்’ எழுத்தின் மூன்று பற்களும் மழுங்கி ஒரு கோடாயின. முகத்தில் சிரிப்பு மறைந்தது. குரல் தணிந்தது. நம் போன்ற மாணவர்கள், ஹஜ்ரத்துக்கு நம்மீது ஏதோ வருத்தம் என்று எண்ணிக்கொண்டு போவதைக் குறைத்தோம். முகத்தசை இறுகிப்போவதும் அந்நோயின் குறியே என்று சொல்லித்தருவார் அன்று நமக்கு இல்லை.

நடுக்கத்தைப் பற்றி நம் முன்னோர் ஆராயாமல் இல்லை. ஆயுர்வேதத்தார் ‘கம்பவாதம்’ என்றனர். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா, தம் ‘அல்கானூன்’ நூலின் மூன்றாம் பாகத்தில் ‘ரஃஷா’ என்ற தலைப்பில் இதனைப் பேசுகிறார். உறுப்பின் பாரத்தை எதிர்த்து, தசையை இடையறாது இயக்கச் சக்தி இயலாமற் போகும்போது நடுக்கம் பிறக்கிறது. நாம் விரும்பிச் செய்யும் அசைவும் விரும்பாத அசைவும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்பது அவர் கருத்தின் சாரம். ‘இடையறாது’ என்பதற்கு அவர் ஆளும் சொல் ‘இத்திஸால்’. தொடர்பு என்பதற்கும் அரபியில் அச்சொல்லே. இதைக் கொண்டு இன்றைய அறிவியலை அன்றே சொல்லிவிட்டார் என்று பெருமையடிக்க நாம் வரவில்லை. அவர் பொதுவாக எல்லா நடுக்கத்தையும் பற்றியே எழுதினார். ஆயினும் நோய் கையில் இல்லை, கையை இயக்கும் சக்தியில் உள்ளது என்று கண்டது சிறிய செய்தியன்று.

இந்நோயைத் தனி நோயாகப் பிரித்துக்காட்டியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817இல் அவர் வெளியிட்ட சிறுநூலில் ஆறு நோயாளிகளின் வரலாறு மட்டுமே உண்டு. அவர்களுள் சிலர் தெருவில் கண்ணிற் பட்டவர்களே! நோயின் இருப்பிடம் முதுகுத்தண்டின் மேற்பகுதி என்று அவர் ஊகித்தது தவறாயிற்று. 1919இல் திரெத்தியாகோஃப் என்பவர், நடுமூளையிலுள்ள கருநிறத் திட்டில் உயிரணுக்கள் அழிந்திருப்பதை எடுத்துக்காட்டினார்.

இதனிடையே, நோக்கமே வேறாக, மருந்து தனிவழியில் வந்துகொண்டிருந்தது. 1913இல் சுவிட்சர்லாந்தின் குகன்ஹைம், எகிப்தியர் ‘ஃபூல்’ என்று காலையில் உண்ணும் பெரிய அவரையிலிருந்து ‘லெவோடோபா’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் அதே பொருளை நம் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து அறிவித்தனர். எந்நோய்க்கு உதவும் என்று அன்று யாரும் அறியார். சாவி கிடைத்தது, பூட்டு எங்கே என்று தெரியவில்லை.

பூட்டைக் காட்டியதும் நம் நாட்டு மூலிகை ஒன்றே. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் ‘ரெசர்பின்’ பிரிக்கப்பட்டது. 1957இல் சுவீடனின் கார்ல்சன் அதனை முயல்களுக்கு ஊசிவழி செலுத்த, அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபாவைச் செலுத்தவே எழுந்து நடமாடின. மூளையில் டோபமின் என்ற இரசாயனம் தீர்ந்துபோனதே முடக்கத்திற்குக் காரணம் என்பது புலனாயிற்று. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகிவிச் என்பார், இந்நோயால் இறந்தோரின் மூளையில் அதே குறையைக் கண்டார். மறு ஆண்டே நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போடப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் டோபாவைப் பேரளவில் வாய்வழி கொடுத்து நிலையான பயன் காட்டினார். (இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையை இடித்து உண்ணத் தொடங்கவேண்டாம். விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும்.)

ஒரு திட்டு அழிந்தது, ஓர் இரசாயனம் குறைந்தது என்பதோடு கதை முடிந்ததா? இல்லை. இராஜபாளையத்து நூற்பாலைகளை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. ஓரிடத்தில் இழை அறுந்தால் அங்கு மட்டுமா குறை? அடுத்தடுத்த பொறிகளும் அதனால் தடுமாறும். மூளையின் மேற்புறணியிலிருந்து அடிப்பகுதி நரம்புத் திரள்களுக்கும், அங்கிருந்து தலாமஸ் வழியாக மீண்டும் மேற்புறணிக்கும் செய்தி வட்டமாகச் சுழல்கிறது. இவ்வட்டங்களை அலெக்சாண்டர், டிலாங், ஸ்டிரிக் ஆகிய மூவர் 1986இல் வரைந்து காட்டினர். 1995இல் பாரத் பிஸ்வால் என்னும் இந்தியர், மனிதன் சும்மா படுத்திருக்கும்போதும் இடக்கைக்குரிய மூளைப்பகுதியும் வலக்கைக்குரிய பகுதியும் ஒத்து ஏறி இறங்குவதைக் காந்தப் படங்களில் கண்டார். மூளையின் எப்பகுதி எதனோடு உறவாடுகிறது என்பதை அறுவையின்றி அளக்க வழி பிறந்தது.

அம்முறையால் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் கண்டது நம்மை வியக்கவைத்தது. டோபமின் மிகுதியாக வற்றும் பின்புறத் திரளுக்கும் மேற்புறணியின் ஒரு பகுதிக்கும் உள்ள உறவு தளர்ந்திருந்தது. ஆனால் அவ்வளவாகக் கெடாத முன்புறத் திரளோடு அதே புறணியின் உறவு வலுத்திருந்தது. அதாவது, ஒரு வழி அடைபட மூளை வேறு வழி தேடுகிறது. மறுபுறம், தொடர்பு மிகுவதும் நோயாகலாம். வினாடிக்குப் பதின்மூன்று முதல் முப்பது வரையிலான மின்துடிப்பில் உயிரணுக்கள் அளவுக்குமேல் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்வதால் அசைவு தொடங்கவே முடிவதில்லை. மருந்து அப்பூட்டைத் தளர்த்துகிறது; மூளைக்குள் வைக்கும் மின்முனையும் தளர்த்துகிறது. பார்க்கின்சன் நோய்க்கு இம்மின்முறை 1987க்குப் பின் பிரான்சிலிருந்து பரவியது. எனினும் மூளையுள் நிலையாக மின்முனை பொருத்தும் கலையை 1970களிலேயே சென்னையில் கையாண்டவர் டாக்டர் டி. எஸ். கனகா என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

இனி ஹஜ்ரத்திடம் வருவோம். வீட்டு வாசற்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார்கள். பள்ளிவாசலுக்குள் கொண்டுவிட்டாலோ, தொழுகை வரிசைக்காகத் தரையில் பதித்த கருங்கல் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டித் தாமே நடந்து முன்வரிசைக்குப் போவார்கள். “வீட்டில் வராத நடை பள்ளியில் மட்டும் எப்படி வருகிறது?” என்று வீட்டார் முணுமுணுத்தனர். நாமும் உள்ளூர அதையே கேட்டோம்.

பர்டன் மார்ட்டின் என்ற மருத்துவர் 1967இல் வெளியான தம் நூலில், இவ்வகை நோயாளிகள் தரையில் குறுக்காக இட்ட கோடுகளைத் தாண்டித் தாண்டி நடப்பதை விவரித்திருக்கிறார். தானே நினைத்து அடியெடுத்து வைக்கும் வழிதான் நோயில் பெரிதும் கெடுகிறது. கண்ணால் கண்ட குறியைப் பின்பற்றி நடக்கும் வழி வேறு. அது சிறுமூளையோடும் புறணியின் வேறு பகுதியோடும் தொடர்புடையது, ஓரளவு தப்பியிருக்கும் என்று விளக்குவர்.

இதனை நாம் அறிந்தபோது ஹஜ்ரத் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் மகனாரைச் சந்தித்துச் சொன்னோம். நெடுநேரம் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்படியென்றால் அத்தா நடிக்கவில்லையா, ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

இல்லை என்றோம்.