கொல்லிமலையில் மரபணு உரிமை

கொல்லிமலையில் மரபணு உரிமை என்பது இரண்டு வேறுபட்ட சட்ட நிலைகளைக் குறிக்கும். மலையில் விளையும் சாமை, தினை, கேழ்வரகு போன்றவற்றின் மரபணு வளம் ஒன்று. அவற்றை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினரின் உடலில் உள்ள மரபணுத் தகவல் மற்றொன்று. முன்னதற்கு நாடாளுமன்றச் சட்டங்களும், ஆணையங்களும், ஊராட்சி மட்டத்தில் பதிவேடும் உண்டு. பின்னதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உயிரியல் வளம் என்பதற்கு இலக்கணம் கூறும்போது தாவரம், விலங்கு, நுண்ணுயிர், அவற்றின் மரபணுப் பொருள் என்று அடுக்கிவிட்டு, மனித மரபணுப் பொருள் இதில் அடங்காது என்று வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது.

மலையும் மக்களும்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வட்டத் தலைமையிடம் செம்மேடு. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 40,000 பேர் வாழ்கின்றனர். மிகப் பெரும்பாலோர் மலையாளிகள். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு தொடர்புபடுத்துவது வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என மலை பல நாடுகளாகப் பிரிந்துள்ளது. திருமணம் பெரும்பாலும் சமூகத்துக்குள்ளேயே நடக்கும். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழியினர் தாங்கள் என்பது இவர்களிடையே வழங்கும் தோற்றக்கதை. இக்கட்டுரைக்கு அகமணமும் தோற்றக்கதையும் முக்கியமானவை. காரணம் பின்னர் வரும்.

விதைக்கு உள்ள காவல்

வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, செந்தினை, மூக்காந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என மலையின் சிறுதானிய வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி மேட்டு நிலங்களைப் பிடித்துக்கொண்டதால் இவை சுருங்கின. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே தங்கிப் பணியாற்றி, ஊர்தோறும் விதை வங்கிகள் அமையத் துணைநின்றது. விதையைக் கடனாக வாங்கியவர் அறுவடைக்குப் பின் சற்றுக் கூட்டித் திருப்பித்தர வேண்டும். யார் எவ்வளவு எடுத்தார் என்பதற்குக் கணக்கு உண்டு.

இந்த விதையின் மரபணுவை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆய்வுக்கு எடுக்க விரும்பினால், சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆணையம் உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும். தன் எல்லைக்குள் சேகரிப்போரிடம் அக்குழு கட்டணம் விதிக்கலாம். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்ற ஆவணத்தையும் அதுவே பேணும். பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் (2001) ஒருபடி மேலே போகிறது: பதிவு செய்யப்பட்ட ஒரு பயிர் வகை உருவாவதற்கு ஒரு கிராமமோ சமூகமோ பங்களித்திருந்தால், அச்சமூகத்தின் பெயரால் இழப்பீடு கோரலாம். வன உரிமைச் சட்டமும் (2006) பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை தருகிறது. ஆக, ஒரு பிடி சாமையின் மீது கூட்டுரிமை என்பது சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்று.

குருதிக்கு உள்ள காவல்

மனித மரபணுவை விலக்கியதே தவறு என்று சொல்லிவிட முடியாது. பல்லுயிர்ச் சட்டத்தின் அடித்தளம், உயிரியல் வளங்கள் மீது அரசுக்கு இறையாண்மை உண்டு என்பது. மக்களின் குருதியையும் அதே பட்டியலில் சேர்த்தால் அதுவும் அரசின் வளம் என்றாகிவிடும். பன்னாட்டுப் பல்லுயிர் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளும் 1995இல் மனித மரபணு தங்கள் வரம்புக்குள் வராது என்றே தீர்மானித்தன. விலக்கியது சரி, விலக்கிய இடத்தை வெறுமையாக விட்டதுதான் குறை.

அந்த வெறுமையைத் துண்டுதுண்டான விதிகள் ஓரளவு நிரப்புகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், மாதிரியும் தரவும் அவற்றை அளித்தவருக்கே உரியவை என்றும், சேமித்து வைக்கும் நிறுவனம் காப்பாளர் மட்டுமே என்றும் கூறுகின்றன. ஒப்புதலைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. உடைமை என்ற சொல்லை இவ்வளவு தெளிவாகக் கையாண்ட இந்திய ஆவணம் வேறு அரிது. ஆனால் அது நெறிமுறை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று. மறுபுறம், உறுப்பு மாற்றுச் சட்டம் (1994) உறுப்புகளை விற்பதைக் குற்றமாக்குகிறது. காப்புரிமைச் சட்டம் இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிவதைப் புத்தாக்கமாக ஏற்பதில்லை. எனவே ‘என் மரபணு என் சொத்து’ என்பதை நிலம், நகை என்ற பொருளில் இங்கே யாரும் சொல்ல இயலாது. சட்டம் அதைச் சொத்தாக அன்றி அந்தரங்கமாகவே பார்க்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 24 ஆகஸ்ட் 2017 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு குழந்தையின் மரபணுத் தகவல் அதன் அந்தரங்கத்தின் பகுதி, பெற்றோரின் மணமுறிவு வழக்கில் டி.என்.ஏ. சோதனைக்கு வழக்கம்போல் உத்தரவிடக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் கூறியது. மரபணுக் கோளாறு என்ற ஒரே காரணத்தால் மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் கருதியது.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கதை வேறு. 2018ஆம் ஆண்டின் ஸ்ரீகிருஷ்ணா குழு வரைவும் 2019ஆம் ஆண்டின் மசோதாவும் மரபணுத் தரவை நுண்ணுணர்வுத் தரவு என்று தனியே பட்டியலிட்டுக் கூடுதல் காவல் தந்தன. 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. தொலைபேசி எண்ணும் மரபணு வரிசையும் அச்சட்டத்தின் கண்ணில் ஒன்றே. குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய முடிவெடுக்கப் பயன்படாத வரை, உரிய தரங்களைப் பின்பற்றும் ஆய்வுக்கும் புள்ளியியல் பணிக்கும் விலக்கு உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். டி.என்.ஏ. தொழில்நுட்பத்துக்கென்றே 2019இல் கொண்டுவரப்பட்ட மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. இடையில் 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்களின் உயிரியல் மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் எடுக்க வழிசெய்து, பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதித்துள்ளது. காக்கும் சட்டம் தயங்கி நிற்க, சேகரிக்கும் சட்டம் முந்திக்கொண்டது.

பெயரை நீக்கினாலும் ஊர் நிற்கும்

மனித மரபணு பற்றி மேலே கண்ட விதிகள் எல்லாம் தனிமனிதரையே அலகாகக் கொண்டவை. மலைச் சமூகத்தில் சிக்கல் எழுவது அங்கேதான். மரபணு ஆய்வில் பெயரை நீக்கிவிட்டு, சமூகப் பெயரையும் சேகரித்த இடத்தையும் மட்டும் வெளியிடுவது வழக்கம். பெருநகரத்தில் அது போதுமான மறைப்பு. சில நூறு பேர் உள்ள ஊரில், உறவுக்குள்ளேயே மணம் செய்யும் மக்களிடையே, ‘இன்ன நாட்டைச் சேர்ந்த 40 வயது ஆண், இன்ன நோய்’ என்றாலே ஊரார் ஆளைக் கண்டுகொள்வர். ஒருவர் ஒப்புதல் தந்தால் அவருடைய அங்காளி பங்காளி அனைவரின் தகவலும் அதோடு ஓரளவு வெளியேறிவிடும்.

தமிழகம் இதை ஏற்கெனவே கண்டிருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர். எம். பிச்சப்பன் தலைமையிலான குழு சேகரித்த மாதிரிகளில், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த மிகப் பழைய இடப்பெயர்ச்சியைக் காட்டும் எம்130 என்ற குறி அகப்பட்டது. அக்குறியைக் கொண்டிருந்த, மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஒருவர் தம் பெயரோடும் முகத்தோடும் உலகத் தொலைக்காட்சியில் தோன்றினார். அவருடைய ஊரும் சாதியும் ‘முதல் இந்தியர்’ என்று செய்தித்தாள்களில் பேசப்பட்டன. அது பெருமையாக முடிந்தது, நல்லூழ். பின்னர் 2005இல் நேஷனல் ஜியோகிராஃபிக் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டத்தின் இந்திய மையமாகவும் அப்பல்கலைக்கழகமே இயங்கியது. அத்திட்டத்தில் தமிழகத்தின் 12 பழங்குடிக் குழுக்களையும் 19 பிற குழுக்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் நிறப்புரிகளை ஆராய்ந்த கட்டுரை 2012இல் வெளியானது.

பெருமையாக முடியாத கதை அமெரிக்காவில் நடந்தது. அரிசோனாவின் ஹவாசுப்பாய் பழங்குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று குருதி கொடுத்தனர். அது மனச்சிதைவு நோய், உள்மணம், முன்னோரின் இடப்பெயர்ச்சி ஆகிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. தங்கள் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் தாங்கள் என்ற அவர்களின் நம்பிக்கையை அந்த ஆய்வு மறுத்தது. வழக்குக்குப் பின் 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத் தரப்பு 7 லட்சம் டாலர் தந்து, எஞ்சியிருந்த குருதி மாதிரிகளையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கொல்லிமலையின் மூன்று அண்ணன் தம்பிகள் கதையையும் ஓர் ஆய்வகம் நாளை சரி என்றோ தவறு என்றோ சொல்லக்கூடும். அப்படியொரு கேள்வியை எழுப்பலாமா என்று ஊரைக் கேட்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. பழங்குடியினரிடம் ஆய்வு செய்யும்போது சமூகத் தலைவர்கள் வழியாகவும் ஒப்புதல் பெற வேண்டும் என மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிமுறைகள் சொல்வதோடு சரி.

அரிவாள் செல் அட்டை

மலை மக்களுக்கு மரபணுச் சோதனை அறிமுகமாகும் முதன்மையான வழி ஆராய்ச்சியன்று, மருத்துவமே. 1 ஜூலை 2023 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. இந்நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாட்டு மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும். ஒருவரிடமிருந்து வந்தால் அவர் வெறும் கடத்தி, பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். சோதனைக்குப் பின் மரபணு நிலையைக் குறிக்கும் அட்டை தரப்படுகிறது. மணப்பொருத்தம் பார்க்கும்போது அட்டைகளையும் ஒப்பிட வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

நோக்கம் நல்லது, கடத்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆனால் பெண் பார்க்க வரும் வீட்டில் அட்டையைக் கேட்கத் தொடங்கினால், நலமாக இருக்கும் கடத்திப் பெண்ணே முதலில் தட்டிக் கழிக்கப்படுவாள். அவளுடைய தங்கைக்கும் அது தொடரும். அட்டையைக் காட்ட மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டா என்றால், புட்டசாமி தீர்ப்பின்படி அரசுக்கு எதிராக உண்டு; மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிராக அந்தத் தீர்ப்பு பெரிதாக உதவாது.

இறந்தவரின் தகவல்

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் இறப்புக்குப் பிறகு தம் தரவுரிமைகளைச் செயல்படுத்த வேறொருவரை நியமிக்கலாம். வங்கிக் கணக்குக்கு வாரிசு எழுதுவது போன்ற ஏற்பாடு. ஆனால் மரபணுத் தகவலைப் பொறுத்தவரை, நியமனம் பெறாத பிள்ளைகளிடமும் அதே தகவலில் பாதி உயிரோடு இருக்கிறது. அவர்கள் எந்த உரிமையில் ஆய்வகத்தைக் கேள்வி கேட்கலாம் என்பது பற்றிச் சட்டத்திலோ 2025 விதிகளிலோ ஒரு சொல்லும் இல்லை.