1971: ஒரு வினாடி வினாவும் சீனாவின் நாற்காலியும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, எதை எழுதுவது என்று சற்றுத் தயங்கினேன். விடுதிச் சாம்பாரைப் பற்றியும் ஆண்டு விழா நாடகங்களைப் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடிய நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். நான் வரலாறு படித்தவன். 34 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். எனவே நம் கல்லூரி மண்டபத்தில் நடந்த ஒரு சின்ன வரலாற்றையும், அதே நாளில் உலகத்தின் மறுகோடியில் நடந்த ஒரு பெரிய வரலாற்றையும் சேர்த்து எழுதலாம் என்று முடிவு செய்தேன். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது எங்கள் பள்ளி அணி.

அக்டோபர் 24 ஐக்கிய நாடுகள் தினம் என்பது அனைவரும் அறிந்ததே. அதையொட்டி ஆண்டுதோறும் நம் வரலாற்றுத் துறை, சுற்றுவட்டார உயர்நிலைப் பள்ளிகளுக்கு உலக விவகாரங்கள் பற்றி ஒரு வினாடி வினாப் போட்டி நடத்திவந்தது. சென்னைக்கே தொலைக்காட்சி வந்தது 1975-இல்தான். எங்களுக்கு உலகம் என்றால் ஒரு நாள் பழைய செய்தித்தாள், வானொலி, பள்ளி நூலகத்து உலகப்படம் - இவ்வளவுதான். அந்த உலகப்படத்தில் ஆப்பிரிக்காவின் பாதி இன்னும் பிரிட்டிஷ் சிவப்பிலும் பிரெஞ்சு ஊதாவிலும் இருந்தது! 1960-ஆம் ஆண்டு மட்டும் 17 நாடுகள் ஐ.நா.வில் சேர்ந்தன, அவற்றில் 16 ஆப்பிரிக்க நாடுகள் என்று எங்கள் பூகோள ஆசிரியர் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக் காட்டியது இன்றும் நினைவிருக்கிறது.

1971-இல் நான் பதினோராம் வகுப்பு, அதாவது பழைய எஸ்.எஸ்.எல்.சி. அணிக்கு மூன்று பேர். அணித்தலைவனாக இருந்த என் நண்பன்தான் எங்களில் கெட்டிக்காரன். அவனுடைய அப்பா கடையில் பொட்டலம் கட்ட வரும் பழைய செய்தித்தாள்களை ஒன்று விடாமல் படித்துவிட்டுத்தான் சாமான் மடிப்பான். அந்த ஆண்டு ஐ.நா. தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் போட்டியை 26-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வைத்திருந்தார்கள். இந்தத் தேதிதான் எங்கள் கதைக்கே வினை.

அன்று மதியம் கல்லூரி வாசலுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் பூகோள ஆசிரியர் எங்களுக்கு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். கடை ரேடியோவில் டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனதில் பாதிதான் காதில் விழுந்தது. ஐ.நா. பொதுச்சபை, சீனா, ஆதரவாக 76 ஓட்டு. நான் பென்ச்சின் ஓரத்தில், ரேடியோவுக்கு அருகில் இருந்தேன். ஆசிரியர் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். தலைவன் கடைசி நேரத்தில் தலைநகரங்களை உருப்போட்டுக்கொண்டிருந்தான்.

போட்டி தொடங்கியது. ஆறு பள்ளிகள். நேர்க் கேள்விக்கு 2 மதிப்பெண். பதில் தவறானால் கேள்வி அடுத்த அணிக்குப் போகும், அவர்கள் சரியாகச் சொன்னால் 1 மதிப்பெண். மூவரும் கலந்து பேசலாம், ஆனால் விடையைத் தலைவன்தான் சொல்ல வேண்டும். ஐ.நா.வின் முதல் பொதுச்செயலாளர் யார்? நார்வேயின் டிரிக்வே லீ. பொதுச்சபையின் முதல் பெண் தலைவர்? 1953-இல் விஜயலட்சுமி பண்டிட். ஐ.நா.வில் 1966-இல் பாடிய நம் பாடகி? கேள்வி முடிவதற்குள் மண்டபம் முழுக்க "எம்.எஸ்." என்று கத்தியது. 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையெழுத்திட்டவர்கள்? சர் ஏ. ராமசாமி முதலியார், வி.டி. கிருஷ்ணமாச்சாரி. இரண்டாவது பெயரைத் தலைவன் சொன்னதும் நடுவரே நிமிர்ந்து பார்த்தார். சுதந்திரத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே இந்தியா ஐ.நா.வின் தொடக்க உறுப்பினர். அதற்குக் கையெழுத்திட்ட இருவருமே நம் சென்னை மாகாணத்து நிர்வாகிகள் என்பது பலருக்குத் தெரியாது.

கடைசிச் சுற்று. நாங்களும் டவுன் பள்ளி ஒன்றும் 18-க்கு 18. மிச்சம் இருந்தது எங்களுக்கான ஒரே கேள்வி. நடுவர் வாசித்தார்: "பாதுகாப்புக் கவுன்சிலில் சீனாவுக்குரிய நிரந்தர இடம் எந்த அரசிடம் உள்ளது?"

தலைவன் வாயைத் திறந்துவிட்டான். நான் அவன் தொடையைக் கிள்ளி, "பீகிங்டா, ரேடியோல சொன்னாங்க" என்றேன். "நிச்சயமாடா?" என்று கேட்டான். "என் காதால கேட்டேன்." மணி அடிக்கும் நேரம். என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். எழுந்து நின்று, "பீகிங்கில் உள்ள மக்கள் சீன அரசு" என்றான்.

"தவறு," என்றார் நடுவர். கேள்வி டவுன் பள்ளிக்குப் போனது. "தைவானில் உள்ள சியாங் கே-ஷேக் அரசு" என்றார்கள். 19-க்கு 18. கோப்பை போயிற்று. எங்கள் ஆசிரியர் மேடையருகில் போய், "சார், மதியச் செய்தியில ஏதோ..." என்று இழுத்தார். "ரேடியோவை நான் கேக்கலை. அட்டையில் இருக்கிறதுதான் விடை" என்று சொல்லிவிட்டு நடுவர் அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் தலைவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று நியூயார்க்கில் நடந்தது என்ன?

1945-இல் சீனா என்றால் சியாங் கே-ஷேக்கின் அரசு. ஆக்கிரமிப்புக்கு முதலில் இரையான நாடு என்ற மரியாதையில் சாசனத்தில் முதல் கையெழுத்தே அவர்களுடையதுதான். 1949 அக்டோபர் 1 அன்று மா சே துங் பீகிங்கில் புதிய அரசை அறிவித்தார். சியாங் தைவான் தீவுக்குப் போனார். நாடு ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. இதைக் கண்டித்து 1950 ஜனவரியில் சோவியத் யூனியன் பாதுகாப்புக் கவுன்சிலைப் பகிஷ்கரித்தது. அதன் பலனை அதுவே அனுபவித்தது: ஜூன் மாதம் கொரியப் போர் மூண்டபோது வீட்டோ போட ஆளில்லாமல் தீர்மானங்கள் நிறைவேறின. அந்த ஜூனில் கவுன்சிலின் தலைமை நாற்காலியில் இருந்தவர் நம் பி.என். ராவ்.

இந்தியா 1949 டிசம்பர் 30 அன்றே மக்கள் சீனத்தை அங்கீகரித்தது. 1962-இல் சீனப் படை நம் எல்லைக்குள் புகுந்த பிறகும்கூட, ஐ.நா. இடம் பீகிங்குக்கே உரியது என்ற நிலையை நாம் மாற்றிக்கொள்ளவில்லை. அடித்தவனுக்கே சாட்சி சொன்னோம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. கொள்கை வேறு, கோபம் வேறு என்பதே நம் அரசின் வாதம்.

அமெரிக்கா 1961-இல் ஒரு தடுப்பு வைத்தது. சீனப் பிரதிநிதித்துவம் "முக்கியப் பிரச்சினை", ஆகவே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை என்று தீர்மானம் கொண்டுவந்தது. 1970-இல் பீகிங்குக்கு 51 ஓட்டு, எதிராக 49. பெரும்பான்மை கிடைத்தும் இந்தத் தடுப்பால் உள்ளே நுழைய முடியவில்லை. 1971 ஜூலையில் கிஸிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பீகிங் போய் வந்ததும் காற்று திசை மாறியது. இரண்டு சீனாக்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடியவர் அப்போது அமெரிக்காவின் ஐ.நா. தூதராக இருந்த ஜார்ஜ் புஷ், அதாவது பின்னாளில் ஜனாதிபதியான மூத்த புஷ். வாதம் எடுபடவில்லை. அக்டோபர் 25, திங்கள் இரவு "முக்கியப் பிரச்சினை" தீர்மானம் 59-க்கு 55 என்று தோற்றது. தைவான் பிரதிநிதிகள் எழுந்து வெளியேறினார்கள். பிறகு அல்பேனியா முதலிய நாடுகளின் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது: ஆதரவு 76, எதிர்ப்பு 35, நடுநிலை 17. இந்தியா ஆதரவாக ஓட்டளித்தது. 2758-ஆம் எண் தீர்மானம் என்பது இதுதான். நியூயார்க்கில் நள்ளிரவு நெருங்கிய நேரம். நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை. நாங்கள் பஸ் ஏறிக்கொண்டிருந்தோம். நடுவரின் அட்டைகளோ முந்தின வாரமே டைப் அடிக்கப்பட்டுப் பெட்டியில் இருந்தன.

மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கத்திலேயே இந்தச் செய்தி. தலைவன் அதை மடித்து எடுத்துக்கொண்டு காலையிலேயே என் வீட்டுக்கு வந்தான். "நீ சொன்னது சரிடா" என்றான். அதோடு பேச்சு திரும்பியது. கோப்பை திரும்பவில்லை.

1972-இல் நான் இதே கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தேன், பிறகு பி.ஏ. வரலாறு. அந்த நடுவர் எனக்குப் பேராசிரியர் ஆனார். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. "அந்தப் பையன் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திக் கடையில் உட்கார்ந்துவிட்டான் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "லைப்ரரியில ஐ.நா. சாசனம் இருக்கு, 23-ஆவது பிரிவைப் படிச்சிட்டு வா" என்றார்.

படித்தேன். பாதுகாப்புக் கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. முதலில் "சீனக் குடியரசு". அது சியாங் கே-ஷேக் அரசின் பெயர்! 1971 தீர்மானம் யார் பிரதிநிதி என்பதை மாற்றியதே தவிர, சாசனத்தின் எழுத்தைத் தொடவில்லை. கவுன்சிலின் உறுப்பினர் எண்ணிக்கையை 11-லிருந்து 15 ஆக்குவதற்கு இதே 23-ஆவது பிரிவைத் திருத்தினார்கள்; திருத்தம் 1965-இல் அமலுக்கு வந்தது. ஆனால் பெயர் அப்படியே இருக்கிறது, இன்றும்கூட. "சாசனத்தில் என்ன பெயர்?" என்று கேட்டிருந்தால் டவுன் பள்ளி சொன்னது சரி. "யாரிடம் உள்ளது?" என்று கேட்டதால் நாங்கள் சொன்னது சரி. கேள்வியில் இருந்தது அந்த "உள்ளது" என்ற நிகழ்காலச் சொல். பேராசிரியர் அதை ஒப்புக்கொண்டார். நான் கேட்பதற்கு முன்பே அவர் ஒரு காரியம் செய்திருந்தார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. 1972 முதல் போட்டி விதிகளில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "விடைகள் போட்டி நாளன்று காலை வானொலிச் செய்தி வரை சரிபார்க்கப்பட்டவை." மதியச் செய்தியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

நடுவர் நாற்காலியின் கஷ்டம் எனக்குப் புரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1992 அக்டோபரில் அதே போட்டிக்கு, பழைய மாணவன் என்ற முறையில், என்னை நடுவராக அழைத்தார்கள். பாசத்தோடு அதே வகைக் கேள்வியை வைத்தேன்: நிரந்தர உறுப்பினர்கள் ஐவர் யார்? முந்தின டிசம்பரில்தான் சோவியத் யூனியன் கலைந்திருந்தது. டிசம்பர் 24 அன்று எல்ட்சின் எழுதிய ஒரு கடிதத்தின் பேரில் ரஷ்யா அந்த இடத்தில் அமர்ந்தது. சீனாவுக்கு 22 ஆண்டுகள் இழுத்த விஷயம், இங்கே ஓட்டெடுப்பே இல்லாமல் முடிந்தது. 1992 ஜனவரி 31 அன்று கவுன்சிலின் உச்சி மாநாட்டில் எல்ட்சின் ரஷ்யாவின் பெயரால் உட்கார்ந்தார். அப்போது இந்தியாவும் தற்காலிக உறுப்பினர் என்பதால் நம் பிரதமர் நரசிம்ம ராவும் அதே மேசையில் இருந்தார்.

ஓர் அணி "சோவியத் யூனியன்" என்றது. தவறு என்று சொல்ல வாயெடுத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், சாசனத்துல சோவியத் யூனியன்னுதானே சார் இருக்கு?" என்றான். உண்மைதான், அந்தப் பெயரும் மாற்றப்படவில்லை. மண்டபம் என்னைப் பார்த்தது. "கேள்வி சரியில்லை, என் தப்பு" என்று சொல்லி, அதை ரத்து செய்துவிட்டு வேறு கேள்வி கேட்டேன். அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததற்குக் காரணம், 1971-இல் அதே மேடைக்குக் கீழே நான் உட்கார்ந்திருந்ததுதான்.

இன்றைய மாணவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் கையில் இருக்கும் செல்போன் எந்தக் கேள்விக்கும் நொடியில் விடை தருகிறது. ஆனால் உலக விவகாரத்தில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு தேதி உண்டு. ஐ.நா. உறுப்பினர்கள் எத்தனை பேர் என்றால் 1945-இல் 51, 1971 முடிவில் 132, 2011-இல் தென் சூடான் சேர்ந்த பிறகு 193. எல்லாமே சரிதான், அதனதன் தேதியில். விடையைப் படிக்கும்போது தேதியையும் சேர்த்துப் படியுங்கள். கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார நேர்ந்தால், எதிரில் இருக்கும் பையன் மதியச் செய்தி கேட்டிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

சாசனத்தில் படித்ததை அன்றே போய் நண்பனிடம் சொன்னேன். சர்க்கரையை நிறுத்துக்கொண்டே கேட்டான். "அப்போ ரெண்டு பேரும் சரிதான்னு சொல்லு. ஆனா கோப்பை ஒண்ணுதானே?" என்றான். இன்றும் அதே கடையில்தான் இருக்கிறான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், இவன் செய்தித்தாள் படிக்கிறான்.

நம் சங்கத்தின் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. இந்தக் கல்லூரி மண்டபத்தில் அவன் உட்கார்ந்தது அந்த ஒரே ஒரு பிற்பகல்தான். அவனுக்கும் படிக்க ஆசை இருந்தது. அன்று தனக்குத் தெரிந்த விடையை விட்டுவிட்டு, என் காதை நம்பி எழுந்து நின்றான். ஆகவே செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: இந்த ஆண்டு ஒன்றுகூடலுக்கு விருந்தாளி ஒருவரை அழைத்து வருகிறேன். மதிய உணவுக்கு ஓர் இலை கூடுதலாகப் போடுங்கள்.