சக்கையில் ஒளிஞ்சிருந்த ஜெல்லி

ஜாம் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதுல 'பெக்டின்'னு ஒண்ணு கண்ணுல படும். ஜாமைக் கெட்டியாக்குறது அதுதான். அது வந்த கதை சுவாரசியமானது மக்களே!

1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோன்னோ அதற்குப் பெயர் வைத்தார். 'உறைவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர். ஆனா அது தொழிலா மாற எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1908 வாக்கில் ஜெர்மனியில் ஆப்பிள் ஜூஸ் பிழிந்த சக்கையிலிருந்து திரவ பெக்டின் எடுத்தாங்க. 1913-ல் டக்ளஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்தான் முக்கிய மூலப்பொருள். கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் நார்ச்சத்தும்கூட இது.

எடுக்கும் முறை எளிது. அமிலம் கலந்த வெந்நீரில் சக்கையைப் போட்டு, வடிகட்டி, ஆல்கஹால் ஊத்தினா பெக்டின் திரண்டு வந்துடும்.

சிக்கல் அதுக்கு முன்னாடியே இருக்கு. ஈரச் சக்கையில் இருக்கிற நொதிகளே பெக்டினைச் சிதைச்சுடும், பூஞ்சையும் பிடிக்கும். உடனே காயவச்ச ஆலைக்கு அது சரக்கு. விட்டுவச்ச ஆலைக்கு நாறுற குப்பை.

மாம்பழத் தோலிலும் பெக்டின் உண்டு. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் எத்தனை மாங்கூழ் ஆலைகள்! அந்தத் தோலை அன்னிக்கே காயவைக்க முடியுமாங்கறதுதான் என் கேள்வி.