புலன்களை நம்பிய மருத்துவர்

பண்டை இந்தியா புறவுலகை மாயையென்று தள்ளி அகத்தையே நாடியது என்போர் உளர். நோயாளியின் அருகிலிருந்து பிறந்த மருத்துவ நூல்கள் இக்கூற்றை மறுக்கின்றன.

சரக சங்கிதையும் சுசுருத சங்கிதையும் ஒருவரால் ஒரே காலத்தில் எழுதப்பட்டவையல்ல. பல தலைமுறை மருத்துவரின் அனுபவம் அவற்றிலே திரண்டுள்ளது. நோயறிய ஆறு வழிகளைச் சுசுருதம் கூறுகின்றது: ஐம்புலன்களும் வினாவும். நுரைத்த குருதி காற்றோடு வெளிப்படும் ஓசையைச் செவி அறியும். வெம்மை, தண்மை, மென்மை, வன்மை ஆகியவற்றைக் கை அறியும். மெலிவையும் நிறமாற்றத்தையும் கண் அறியும். புண்ணின் நாற்றத்தை மூக்கு அறியும்.

சுவையை மட்டும் சரகம் வேறாக வைத்தது. அதனை நாவால் அறியாது அனுமானத்தால் அறிக என்றது. ஈ மொய்க்கும் உடலில் இனிமை மிகுந்துள்ளது. எறும்பு நாடும் சிறுநீர் நீரிழிவின் அறிகுறி. ஐரோப்பாவில் அச்சிறுநீரின் இனிமையைத் தோமஸ் வில்லிஸ் பதிவு செய்தது 17ஆம் நூற்றாண்டில். மாத்தியூ டொப்சன் அதிலுள்ளது சீனியே என நிறுவியது 1776இல். எறும்பு அடையாளத்தைக் காட்டிற்று. காரணத்தைக் காட்ட இரசாயனம் வேண்டியிருந்தது.

இத்தகைய அறிவைத் தீண்டாமல் பெற முடியாது. சீழ், குருதி, மலம், பிணம் அனைத்தையும் மருத்துவர் அணுகவேண்டும். பிணத்தை ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து உறுப்புகளைக் கண்ணாற் காணும்படி சுசுருதம் பணிக்கின்றது. சாதித் தூய்மையைச் சட்டமாக்கிய மனுதரும சாத்திரமோ, மருத்துவர் தரும் உணவை உண்ணலாகாது என்றது. நீத்தார் சடங்கு விருந்திலிருந்தும் அவர்களை விலக்கியது. உயிரைக் காத்த கை, தீட்டுப்பட்ட கையாயிற்று. இம்முரண்பாட்டைத் தேவிபிரசாத் சட்டோபாத்தியாய 1977இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவர் முடிவுகள் அனைத்தையும் எல்லோரும் ஏற்பதில்லை; எனினும் அவர் சுட்டிய முரண் நூல்களிலேயே உள்ளது.

இந்நூல்களில் எல்லாம் விஞ்ஞானமே என்பதும் தவறு. மருத்துவரை அழைக்க வந்த தூதுவனின் உடையிலும் சொல்லிலும் நோயாளியின் முடிவைக் காணும் சகுனங்களும் சுசுருதத்தில் உண்டு. ஆயுர்வேதத்தின் அடையாளமென நாம் எண்ணும் நாடிப் பரீட்சையோ இவ்விரு மூலநூல்களிலும் இல்லை. பல நூற்றாண்டு பிந்திய சார்ங்கதர சங்கிதையிலேயே அது காணப்படுகின்றது.

ஆகவே, மரபென்பதற்காக அனைத்தையும் தொழுவதும், பழமையென்பதற்காக அனைத்தையும் இகழ்வதும் வரலாற்றறிவாகா. கண்டதை நம்பி, காணாததைக் கண்டதிலிருந்து ஊகித்த அந்த முறையே நமக்குரிய செல்வம். உழைக்கும் கையை இழிவாக்கிய சமுதாயம் தன் அறிவின் வேரையே இழிவாக்கியது என்பதையும் மாணவர் அதனோடு சேர்த்துக் கற்கவேண்டும்.